ஒட்டடை அடிக்காத மூலை

சைனப் வியாழக்கிழமைதோறும் வீட்டை ஒட்டடை அடிப்பாள். முந்தானையால் மூக்கையும் வாயையும் சுற்றிக் கட்டிக்கொண்டு, கம்பைத் தூக்கிப் பிடித்து, வாசலுக்கு மேலிருந்து ஆரம்பித்து வலப்புறமாகவே சுற்றி வருவாள். உத்தரம், ஜன்னல், அலமாரிக்குப் பின்பக்கம், எதையும் விடமாட்டாள். ஆனால் அடுப்புக்கு எதிர்மூலை வந்ததும் கம்பு தாழ்ந்துவிடும். அந்த மூலையில் ஒரு பழைய வலை தொங்கும். தூசியும் புகையும் ஏறிக் கறுத்திருக்கும். அதற்கடியில் நின்று ஒரு நிமிஷம் அண்ணாந்து பார்ப்பாள். பிறகு கம்பைச் சுவரில் சாத்திவிட்டுக் கை கழுவப் போய்விடுவாள்.

தாராவியில் இருந்த தகரக் கொட்டகையில் அந்த வேலை அவள் கைக்கு வந்த நாள் முதல் இப்படித்தான். அதற்குப் பிறகு மாறிய இரண்டு வீடுகளிலும் இப்படித்தான். விருந்தாளியாக வருகிறவர்கள், பாவம், கண் தெரியவில்லை போலிருக்கிறது என்று கம்பை வாங்கிக்கொள்ளப் பார்ப்பார்கள். "அது கெடக்கட்டும்" என்பாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை வராது. சைனப் அவ்வளவுதான் பேசுவாள்.

அவள் மேலப்பாளையத்தில் பிறந்தவள். நாலாம் வகுப்போடு படிப்பு நின்றது. பதினேழாவது வயதில் அப்துல் ரவூபுக்கு வாழ்க்கைப்பட்டு 1958ல் பம்பாய்க்கு ரயிலேறினாள். ரவூபுக்குக் கடலை மிட்டாய்த் தொழில். பம்பாயில் அதைச் சிக்கி என்பார்கள். தாராவியில் தகரக் கூரை போட்ட நீளமான ஒரு கொட்டகை. முன்பாதியில் அடுப்பும் அண்டாவும் மிட்டாய்ப் பலகையும். சாக்குத் திரைக்கு அந்தப்புறம் குடித்தனம். ரவூப் பாகு காய்ச்சுவான். சைனப் கடலையை வறுத்துத் தோல் நீக்கிப் புடைத்துக் கொடுப்பாள். வெட்டி அடுக்கிக் காகிதம் சுற்றுவது ரவூபின் அக்கா நூர் நிஷாவின் வேலை. புருஷன் மவுத்தான பிறகு தம்பியோடு வந்துவிட்டவள் அவள்.

ரவூபுக்கு வாய் ஓயாது. நூர் நிஷா அவனுக்கும் மேல். அவர்கள் இருவருக்கும் நடுவில் சைனப் பேச வேண்டிய அவசியமே வரவில்லை. அவள் பார்த்துக்கொண்டிருப்பாள். பாகு பதம் வந்துவிட்டதா என்று ரவூப் ஒரு சொட்டைத் தண்ணீரில் விட்டு ஒடித்துப் பார்ப்பான். அதற்கு முன்னாலேயே, குமிழ் உடைகிற சத்தத்தை வைத்து அவளுக்குத் தெரிந்துவிடும். சொல்லமாட்டாள். கடலைத் தட்டை மட்டும் அவன் கைக்கெட்டும்படி நகர்த்தி வைப்பாள். வேண்டுகிற நேரத்துக்குத் தட்டு எப்படிக் கைக்குக் கிடைக்கிறது என்று ரவூப் ஒரு நாளும் யோசித்ததில்லை.

1967ஆம் வருஷம். நோன்புப் பெருநாள் கழிந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. மாஹிமில் தோல் கிட்டங்கி வைத்திருந்த ஜெயினுலாப்தீன் ஹஜ்ஜுக்குக் கப்பல் ஏற இருந்தார். கொட்டகை நின்ற இடம் அவருடையது. ஊரிலிருந்து ஒரு பெட்டியோடு வந்து இறங்கிய ரவூபுக்கு முதன்முதலில் படுக்க இடம் கொடுத்தவரும் அவர்தான். ஹஜ்ஜுக்குப் போகிறவர்கள் புறப்படுமுன் தெரிந்தவர் வீடு ஒவ்வொன்றுக்கும் போய் மன்னிப்புக் கேட்பது வழக்கம். அப்படித்தான் அவர் ஒரு நாள் காலையில் கொட்டகைக்கு வந்தார். இடது கையில் துண்டு போட்டு மூடிய ஒரு கூண்டு இருந்தது.

"ரவூபு, நான் எப்பவாவது கடுஞ்சொல் சொல்லியிருந்தா அல்லாவுக்காகப் பொறுத்துக்கிடணும்."

"என்ன மாமா நீங்க! நாங்கல்லா ஒங்ககிட்ட மாப்புக் கேக்கணும்."

"நீ கேட்டாக் கேளு, கேக்காட்டிப் போ. நான் கேட்டாச்சு. நூர் நிஷா, ஒனக்குந்தான். உள்ள இருக்க புள்ளைக்குந்தான்."

சாக்குத் திரைக்குப் பின்னாலிருந்து சைனப் தலையை ஆட்டினாள். அது அவருக்குத் தெரிந்திருக்காது.

அவர் துண்டை எடுத்தார். கூண்டுக்குள் கட்டைவிரல் பருமனில் ஒரு பறவை. முதுகு பழுத்த மாதுளை முத்தைப் போலக் கருஞ்சிவப்பு. தொண்டை கத்தரிப்பூ நிறம், வயிறு மஞ்சள். தலையைத் திருப்பும்போதெல்லாம் உச்சியில் ஒரு பச்சை மின்னி மறைந்தது. அலகு வளைந்த ஊசி மாதிரி இருந்தது. தாராவியில் முருங்கைப்பூவுக்கு வருகிற தேன்சிட்டைச் சைனப் பார்த்திருக்கிறாள். இது அதைவிடச் சின்னது, நிறமும் வேறு.

"நேரல்காரன் ஒருத்தன் மாத்தேரான் மலைக்காட்டுல புடிச்சுக் கொண்டாந்தான். பாத்ததும் ஆசைப்பட்டு வாங்கிப்புட்டேன். பத்து நாளாச்சு. எங்க வீட்டம்மா சபுரா, அசிங்கம் பண்ணுது, உள்ள வைக்காதீங்கன்னு ஒரே பிடியா நிக்கா. தேன் குடிக்கிற சாதி இது. இனிப்புத்தான் ஆகாரம். பாகு காய்ச்சுற வீட்டை விட்டா இதுக்கு வேற எடம் ஏது? நான் திரும்பி வாரவரைக்கும் இது ஒங்ககிட்ட அமானிதம்."

"கவலைய விடுங்க மாமா. இப்பக் கட்டவிரல் தண்டி இருக்கு. நீங்க வாரப்போ கோழிக்குஞ்சு தண்டி ஆக்கித் தாரேன்."

அவர் சிரித்துக்கொண்டே போனார். ரவூபும் சிரித்தான். சைனப் மட்டும் 'அமானிதம்' என்ற சொல்லிலேயே நின்றுவிட்டாள். ஒருவர் நம்பி ஒப்படைத்ததை, ஒப்படைத்தபடியே திருப்பிக் கொடுக்க வேண்டும். குறைந்தால் இங்கேயும் பதில் சொல்ல வேண்டும், மறுமையிலும் பதில் சொல்ல வேண்டும். பித்தளைக் குடம் என்றால் பரணில் ஏற்றிவைக்கலாம். இது மூச்சு விடுகிறது.

ரவூப் கூண்டை உத்தரத்தில் மாட்டினான். மிட்டாய்க்குக் காய்ச்சும் பாகிலேயே மேலாகத் தெளிந்ததை எடுத்து, ஆறவைத்து, ஒரு சிறு கிண்ணத்தில் ஊற்றிவைத்தான். முதல் வாரம் எல்லாம் நன்றாகத்தான் போயிற்று. சிட்டு குடித்தது, தாவியது, கீச்சுக் கீச்சென்று கம்பிக்குக் கம்பி குதித்தது. சரக்கு எடுக்க வருகிறவர்களிடமெல்லாம் ரவூப் காட்டினான். "பாரும்வே, நம்ம பாகு மலைப் பறவைக்கே புடிச்சிருக்கு."

இரண்டாவது வாரத்தில் சிட்டின் சத்தம் குறைந்தது. மூன்றாவது வாரத்தில் அது இறகை உப்பவைத்துக்கொண்டு கூண்டின் அடித்தட்டில் உட்கார்ந்துவிட்டது. ரவூப் கவலைப்பட்டான். அவனுக்குத் தெரிந்த வைத்தியம் இனிப்பை ஏற்றுவதுதான். வெல்லம் ஒத்துக்கொள்ளவில்லை என்று சீனிப்பாகு வைத்தான். அதுவும் சரிப்படாமல் மாட்டுங்காவுக்குப் போய் நல்ல தேன் வாங்கி வந்து ஊற்றினான். கெட்டியாக இருந்தால்தான் சத்து என்று நினைத்தான். இருபது வருஷமாகப் பாகில் கை வைத்தவனுக்கு வேறு என்ன தோன்றும்?

சிட்டு குடித்துவிட்டு அலகைக் கம்பியில் தேய்த்துக்கொண்டே இருப்பதைச் சைனப் பார்த்தாள். பிசுபிசுப்பு அதற்கு ஆகவில்லை. ரவூப் அந்தப்பக்கம் போனதும் கிண்ணத்தில் தண்ணீர் ஊற்றிப் பூவுக்குள் இருக்கும் தேன் அளவுக்கு நீர்க்கவைத்தாள். அலகு சுத்தமாயிற்று. ஆனாலும் சிட்டு எழுந்திருக்கவில்லை.

"மலைச் சரக்கு. பம்பாய்த் தண்ணி ஒத்துக்கிடல" என்றான் ரவூப்.

"அவரு கப்பல்ல இருக்காரு. இது இங்கன மவுத்தாப் போச்சுன்னா எந்த மூஞ்சிய வச்சு அவரு முன்னால நிப்பே?" என்றாள் நூர் நிஷா. சொல்லிவிட்டு அவளே படுத்துக்கொண்டாள். பங்குனி வெயிலில் காய்ச்சல் கண்டு பத்து நாள் எழுந்திருக்கவில்லை.

அந்தப் பத்து நாளும் கொட்டகையில் ஒட்டடை அடிக்க ஆள் இல்லை. மற்ற நாளில் நூர் நிஷா வாரம் இரண்டு தடவை அடிப்பாள். வீட்டில் ஒட்டடை கிடந்தால் பரக்கத்து போய்விடும், இருப்பது விருத்தியாகாது என்பது அவள் பேச்சு. ஆனால் சிலந்தியை மட்டும் அடிக்கமாட்டாள். எதிரிகள் தேடி வந்தபோது குகை வாசலில் வலை பின்னி நாயகத்தைக் காப்பாற்றிய சீவன் என்று காகிதத்தில் ஏந்திக்கொண்டுபோய் வெளியே விட்டுவிடுவாள். இப்போது அவள் படுத்துவிட்டதால் உத்தரத்துக்கும் கூண்டுக்கும் நடுவில் மெல்லிய நூல்கள் ஓடின.

சைனப் கடலை புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்திலிருந்து கண்ணை எடுத்துத் தற்செயலாக மேலே பார்த்தாள். அடித்தட்டில் கிடந்த சிட்டு தட்டுத்தடுமாறிக் குச்சியில் ஏறியிருந்தது. அலகைக் கம்பிக்கு வெளியே நீட்டியது. வலையில் தொங்கிய ஒரு குட்டிச் சிலந்தியைக் கொத்தியது. நூல் இழுபட்டு அறுந்தது. சிலந்தி உள்ளே போய்விட்டது. அலகைத் துடைத்துக்கொண்டு சிட்டு அடுத்ததைத் தேடியது.

முறம் அவள் மடியிலேயே இருந்தது. அன்று மத்தியானத்துக்குள் நாலு சிலந்தி. மறுநாள் காலையில் சிட்டு ஒரு தடவை கீச்சென்றது.

"அது சிலந்தி திங்குது" என்று ரவூபிடம் சொன்னாள்.

ரவூப் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தான். "ஏளா, அது தேன்சிட்டுளா! சிலந்தி திங்குததா இருந்தா அதுக்குத் தக்கன பேரு வச்சிருக்கமாட்டாங்களா? இம்புட்டு நாளு நான் ஊத்துன தேனு இப்பத்தான் ஒடம்புல புடிச்சிருக்கு."

பேசி ஜெயிக்க அவளுக்குத் தெரியாது. மூலையை மட்டும் பார்த்துக்கொண்டாள்.

காய்ச்சல் விட்டு எழுந்ததும் நூர் நிஷா முதலில் தேடியது ஒட்டடைக் கம்பைத்தான். கூண்டு தொங்கிய மூலைக்கு அவள் வந்தபோது சைனப் போய்க் குறுக்கே நின்றாள்.

"வேண்டாம் மைனி."

நூர் நிஷா கம்பை இறக்கினாள். ஒன்பது வருஷத்தில் இந்தப் பெண் 'வேண்டாம்' என்று சொல்லி அவள் கேட்டதில்லை.

"என்னளா, நான் படுத்து எந்திரிக்குறதுக்குள்ள ஒனக்கு நாக்கு மொளச்சிருக்கு? மிட்டாய் போடுத எடத்துல ஒட்டடையா? ஒண்ணு பாகுல விழுந்துச்சுன்னா எவன் வாங்குவான்?"

"சிட்டு அதத்தான் மைனி திங்குது. அத வச்சுத்தான் உசிரோட இருக்கு."

"அல்லாவே! நாயகத்தக் காத்த சீவனப் புடிச்சு நீ எரையாப் போடுதியா?"

"நான் கையால ஒண்ணும் போடல. அதுவா வந்து வல கட்டுது, இதுவாப் புடிக்குது." சைனப் அதோடு நிறுத்தவில்லை. "அமானிதம்னு சொல்லிட்டுப் போயிருக்காருல்லா. நாளைக்கு மறுமையில நம்மளத்தானே கேப்பாங்க மைனி?"

நூர் நிஷா கூண்டைப் பார்த்தாள். வலையைப் பார்த்தாள். எந்தப் பக்கம் போனாலும் குற்றமாக வரும்போல் இருந்தது.

"இந்த ஒரு மூல மட்டுந்தான். அடுப்புக்கு அந்தாண்ட கொண்டுபோ. கீழ வேட்டியக் கட்டி மறைச்சிரு. சரக்கெடுக்க வாரவன் எவன் கண்ணுலயாவது பட்டுச்சோ, சிட்டையும் ஒன்னையும் சேத்து வெளிய விட்டுருவேன்."

அடுப்புக்கு எதிர்மூலைக்குக் கூண்டு போனது. ஆனால் ஒரு மூலைச் சிலந்தி எத்தனை நாளைக்கு வரும்? நாலே நாளில் வலை காலியாகிவிட்டது. ஐந்தாம் நாள் சிட்டு மறுபடி இறகை உப்பவைத்தது. இனி அக்கம்பக்கத்தில் கேட்டால்தான் உண்டு. குழாயடியில்கூடக் கடைசியாக நின்று, கடைசியாகக் குடத்தை நிரப்பிக்கொண்டு வருகிறவள் சைனப். அவள் போய் ஒரு வீட்டுக் கதவைத் தட்ட வேண்டும். தட்டிக் கேட்க வேண்டியதும் சாதாரணமானதா? உப்பு, புளி கேட்கலாம். ஒரு பொம்பளையிடம் போய் உங்கள் வீட்டில் ஒட்டடை இருக்கிறதா என்று எப்படிக் கேட்பது?

பக்கத்துக் கொட்டகையில் ரோசம்மா இருந்தாள். நாசரேத்துப் பக்கத்துக்காரி. புருஷனுக்கு மில்லில் வேலை. சைனப் அவள் வாசலில் கால் மணி நேரம் நின்றிருப்பாள்.

"என்ன சைனபு, தீப்பெட்டியா?" என்றாள் ரோசம்மா.

"இல்லக்கா. ஒங்க வீட்டுல... ஒட்டடை இருக்கா?"

ரோசம்மா இடுப்பில் கை வைத்தாள். "இந்தா பாரு. நேத்துத்தான் வாரியலால கூரையெல்லாம் அடிச்சுக் கூட்டியிருக்கேன். என் வீட்டுல ஒட்டடை இருக்குன்னு ஒனக்கு எவ சொன்னா? அந்த எதுத்த வீட்டுப் பஞ்சு பொண்டாட்டியா?"

சைனபுக்குக் கண் நிறைந்துவிட்டது. அதைப் பார்த்ததும் ரோசம்மாவின் கை இடுப்பிலிருந்து இறங்கியது. உட்காரவைத்து, என்ன ஏது என்று ஒவ்வொரு சொல்லாக வாங்கினாள். கேட்டு முடித்ததும் ஓடு அதிரச் சிரித்தாள்.

"இதுக்காட்டி அழுத? வா, கட்டிலுக்கு அடியில பாரு. ஊருக்குத்தான் அடிச்சேன்னு சொல்லுவேன். அங்கன ரெண்டு வருசமா வாரியல் போகல."

கட்டிலுக்கடியில் இருந்த வலைகளைச் சிலந்தியோடு தென்னங்குச்சியில் சுருட்டி எடுத்துவந்து, சைனப் தன் மூலையில் குடியேற்றினாள். மறுநாள் அவை புதிதாக வலை பின்னியிருந்தன. ரோசம்மாவே இன்னொரு யோசனையும் சொன்னாள். வாழைப்பழத் தோலை இரண்டு நாள் கூண்டுக்குள் போட்டுவைத்தால் பழ ஈ மொய்க்கும், அதையும் தின்னுமா பார் என்றாள். தின்றது. பறக்கிற ஈயை அந்தரத்திலேயே பிடித்தது. அதற்குப் பிறகு ஒவ்வொரு வீடாகச் செய்தி போய், ஒட்டடை அடிக்கிற பெண்கள் கம்பும் கையுமாக வந்து, "ஏ சைனபு, ஒஞ் சிட்டுக்கு விருந்து வந்திருக்கு" என்று கூப்பிட்டுக் கொடுத்துவிட்டுப் போனார்கள். பாகு கிண்ணத்தில் நீர்க்க இருந்தது. வலை மூலையில் நிறைய இருந்தது. சிட்டின் முதுகுச் சிவப்பு கொண்டுவந்த நாளில்கூட அப்படி மின்னவில்லை.

சித்திரை பிறந்து இரண்டு வாரம் கழித்து ஜெயினுலாப்தீன் ஹாஜியாராகத் திரும்பி வந்தார். வெயிலில் கறுத்து, உடம்பு வற்றியிருந்தார். பேரீச்சம்பழமும் ஒரு சிறு சீசாவில் மக்கத்து ஜம்ஜம் தண்ணீரும் கொண்டு கொட்டகைக்கு வருவதாகச் சொல்லியனுப்பியிருந்தார்.

"அது என்ன திங்குதுன்னு அவருகிட்டச் சொல்லிருங்க" என்றாள் சைனப். முந்தின நாளும் சொன்னாள், அன்று காலையும் சொன்னாள்.

"சிக்கி போடுத எடத்துல சிலந்தி வளக்கோம்னு நான் போய்ச் சொல்லணுமாக்கும்? சாயங்காலத்துக்குள்ள மாஹிம் பூரா பரவிரும்ளா. பொறவு நாமளே தின்னு தீக்க வேண்டியதுதான்."

ஹாஜியார் வந்தார். கூண்டைத் தூக்கிப் பிடித்து, "மாஷா அல்லா!" என்று வாய்விட்டுச் சொன்னார். "என்ன ரவூபு, என்ன மந்திரம் பண்ணுன?"

"எல்லாம் நம்ம பாகுதான் மாமா."

சாக்குத் திரையைச் சைனப் உள்ளிருந்து அரையடி விலக்கினாள். நூர் நிஷா அவளைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். கூண்டின் மேல் துண்டு விழுந்தது. செருப்புச் சத்தம் தெருவில் இறங்கிப் போனது.

"அமானிதம் போய்ச் சேந்துட்டு. கழுத்துப் பாரம் எறங்கிச்சு" என்று ரவூப் கையை உதறினான்.

அவளுக்கு இறங்கவில்லை. பாதியைத்தான் கொடுத்திருக்கிறோம். பறவை அவரிடம் போய்விட்டது. அதன் சாப்பாடு இங்கே மூலையில் தொங்குகிறது.

நாலாம் நாள் ரவூப் மாஹிமுக்குச் சரக்கு போட்டுவிட்டு வந்தான். "சிட்டு கீழ எறங்கி ஒக்காந்துட்டாம். நம்ம பாகத்தான் நெனச்சு ஏங்குதுன்னு அவரு சொல்லுதாரு. நல்லாக் கெட்டியா ஒரு சீசா காச்சிக் குடுத்துட்டு வந்திருக்கேன்."

சைனப் வறுத்துக்கொண்டிருந்த கடலையை இறக்கி வைத்தாள். டால்டா டின் ஒன்றை எடுத்து, மூலை வலைகளைச் சிலந்தியோடு குச்சியில் சுருட்டி அதற்குள் நிறுத்தினாள். இரண்டு வாழைப்பழத் தோலையும் போட்டுத் துணியால் வாயைக் கட்டினாள். வெள்ளைத் துப்பட்டியைத் தலையோடு போர்த்திக்கொண்டாள்.

"எங்களா கெளம்பிட்ட? அடுப்பு எரியுது!"

"வந்துருதேன்" என்று மட்டும் சொன்னாள்.

ஒன்பது வருஷத்தில் அவள் தனியாகப் போன தூரம் குழாயடி வரைக்கும்தான். நல்ல உச்சி வெயில். மாஹிம் ஸ்டேஷன் பாலத்தில் ஏறும்போது கீழே ரயில் போனது, பாலம் ஆடியது, டின்னை மார்போடு அணைத்துக்கொண்டு நின்றாள். இரண்டு இடத்தில் வழி கேட்க வேண்டியிருந்தது. எங்கே போக வேண்டும் என்று அவர்கள் இந்தியில் "கிதர் ஜானா ஹை?" என்று கேட்டதற்கு, "ஜெயினுலாப்தீன், சம்டா கோடவுன்" என்று தோல் கிட்டங்கியை மட்டும் சொன்னாள்.

ஹாஜியார் வீட்டுக் கதவைத் திறந்தது அவர் மனைவி சபுரா. சுவரெல்லாம் புதுச் சுண்ணாம்பு; தரையில் முகம் பார்க்கலாம். ஹாஜி திரும்பி வருகிற வீடென்று மூலை முடுக்கெல்லாம் தேய்த்துக் கழுவியிருந்தார்கள். கூண்டு ஜன்னலோரம் இருந்தது. சிட்டு அடித்தட்டில் கண்ணை மூடிக் கிடந்தது. கெட்டிப் பாகு அலகில் காய்ந்திருந்தது.

"யாரு வந்திருக்கா?" என்று உள்ளறையிலிருந்து ஹாஜியார் கேட்டார்.

சைனப் கதவின் பின்னால் ஒதுங்கினாள். கதவைப் பிடித்துக்கொண்டே பேசினாள்.

"ரவூபு வீட்டுல மாமா. அது பட்டினி கெடக்கு. பாகு மட்டும் குடுத்தா அதுக்குப் பத்தாது. நாங்களும் அப்பிடித்தான் குடுத்தோம், சாகப் பாத்துச்சு. அது சிலந்தி திங்கும். பழ ஈ திங்கும். எங்க கொட்டாயில ஒரு மூலையில ஒட்டடைய விட்டு வச்சித்தான் வளத்தோம். எங்க வீட்டு ஆளு சொல்லக் கூச்சப்பட்டாவ. மிட்டாய் போடுத எடம்லா. நான் அன்னைக்கே சொல்லியிருக்கணும் மாமா. சொல்லல. எம்பேர்லதான் குத்தம்."

பிறந்ததிலிருந்து அவள் ஒரே மூச்சில் இவ்வளவு பேசியதில்லை. டின்னைக் கதவுக்கு அந்தப்பக்கம் நகர்த்தினாள். சபுரா துணியை அவிழ்த்துப் பார்த்துவிட்டு இரண்டடி பின்னால் போனாள்.

ஹாஜியார் குச்சியை எடுத்துக் கூண்டுக்குள் நீட்டினார். முதலில் ஒன்றும் நடக்கவில்லை. பிறகு சிட்டு கண்ணைத் திறந்தது. ஒன்றைக் கொத்தியது. கொஞ்ச நேரம் கழித்து இன்னொன்றைக் கொத்தியது.

அவர் குச்சியைப் பிடித்தபடியே சொன்னார். "ஹஜ்ஜுல இஹ்ராம் துணியக் கட்டியிருந்த நாளெல்லாம் ஒரு எறும்ப மிதிச்சிரக்கூடாதுன்னு பாத்துப் பாத்துக் கால் வச்சேன். வீட்டுக்கு வந்து ஒரு உசிர இனிப்பு ஊட்டியே கொல்லுதேன்." மனைவி பக்கம் திரும்பினார். "நம்ம வீட்டுல ஒட்டடை இருக்கா?"

"சுண்ணாம்படிச்சுப் பத்து நாளு ஆகல. ஒட்டடைக்கு நான் எங்க போவேன்?" என்றாள் சபுரா. கேட்ட விதத்தில் கோபம்கூட இருந்தது.

"அப்ப இது இந்த வீட்டுப் பறவை இல்ல. தாயி, நீயே கொண்டுபோ."

சைனப் கூண்டைத் தொடவில்லை. கதவுக்குப் பின்னாலிருந்து கேட்டாள்: "அமானிதமா மாமா?"

"இல்ல தாயி. ஒனக்கே குடுத்துட்டேன். சபுரா சாட்சி."

அந்தச் சொல்லைக் கேட்ட பிறகுதான் கூண்டை எடுத்தாள்.

பத்து நாள் மூலையில் தொங்கவிட்டுத் தேற்றினாள். சிட்டு மறுபடி கம்பிக்குக் கம்பி தாவத் தொடங்கியதும், ஒரு நாள் சாப்பிட்டுக்கொண்டிருந்த ரவூபிடம், "நேரலுக்குப் போகணும்" என்றாள்.

"நேரல்ல நமக்கு யாருளா இருக்கா?"

"சிட்டக் கொண்டு விடணும்."

"ஹாஜியார் என்ன சொல்லுவாரு?"

"அது என் சிட்டு" என்றாள் சைனப். நூர் நிஷாவுக்கு அடுக்கிக்கொண்டிருந்த மிட்டாய் கைநழுவியது. சிரிப்பை அடக்கிக்கொண்டு, "போய்ட்டு வாடா, ஒரு நாளு பாகு காச்சாட்டி பம்பாய் முங்கிராது" என்றாள்.

சயானில் ஏறிக் கல்யாணில் மாறி நேரலில் இறங்கினார்கள். மாத்தேரானுக்குப் போகிற ஒற்றையடிப் பாதையில் கூண்டைச் சுமந்துகொண்டு ஏறும்போது ரவூப் வழியெல்லாம் புலம்பினான். கூண்டைக் கொட்டகை வாசலில் திறந்துவிட்டிருந்தால் அதுவே மலைக்குப் போயிருக்காதா என்றான். சைனப் மரங்களைப் பார்த்துக்கொண்டே நடந்தாள். பாதையோரம் ஒரு காட்டு மாமரம். அதன் கிளையில் புல்லுருவி படர்ந்து சிவப்புக் குழல் பூவாகப் பூத்திருந்தது. அதற்கடியில் கூண்டை வைத்துக் கதவைத் திறந்தாள்.

சிட்டு உடனே போகவில்லை. வாசல் கம்பியில் வந்து உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்தது. பிறகு விருட்டென்று மேலே போயிற்று. ஆனால் பூவுக்குப் போகவில்லை. இரண்டு இலைக்கு நடுவே ஒரு வலை இருந்தது. அதன் முன்னால் ஒரு நொடி அந்தரத்தில் நின்று கொத்தியது.

ரவூப் வாயைப் பிளந்தான். "ஏளா! சிலந்தி திங்குதுளா!"

சிட்டு இன்னொரு கிளைக்குத் தாவி, அதற்கடுத்த கிளைக்குத் தாவி, கண்ணுக்கு மறைந்தது. வெறுங்கூண்டை எடுத்துக்கொண்டு சைனபே முன்னால் இறங்கினாள்.

இப்போது சைனபும் ரவூபும் பம்பாய்க்கு வெளியே கோபர்கைரனேயில் மகள் வீட்டில் இருக்கிறார்கள். கொட்டகை இருந்த இடத்தில் நாலு மாடி எழும்பிவிட்டது. ஹாஜியாரும் நூர் நிஷாவும் காலமாகிவிட்டார்கள். ரவூபுக்குக் காது சரியாகக் கேட்பதில்லை. பேச்சு மட்டும் குறையவில்லை. வீட்டில் அடுப்புக்கு எதிர்மூலையில் ஒரு வலை இருக்கிறது. அந்தக் கூண்டை அவள் கதவைக் கழற்றிவிட்டுச் சமையலறையில் மாட்டியிருக்கிறாள். அதில் பூண்டு போட்டுவைக்கிறாள்.